‘எம்பிக்கன்’ கமலா கானுக்கு முந்திய சொல்

‘பெரிதாக்கு’ என்னும் பொருளில் வழங்கும் ‘எம்பிக்கன்’ (embiggen) என்ற ஆங்கிலச் சொல்லை மார்வெல் நிறுவனத்தின் மிஸ் மார்வெல் சித்திரக்கதையே உருவாக்கியது என்று கருதுவது சரியன்று. அக்கதையின் நாயகியான கமலா கான் என்ற ஜெர்சி சிட்டிச் சிறுமி தன் கையையோ உடலையோ பெரிதாக்கும்போது இச்சொல்லை முழங்குவது உண்மைதான். ஆனால் அவளுக்கென்று தனித் தொடர் வந்தது 2014இல். அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே, 1996 பிப்ரவரியில் ஒளிபரப்பான ‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்க அசைபடத் தொலைக்காட்சித் தொடரின் பகுதி ஒன்றில், கதை நிகழும் ஸ்பிரிங்ஃபீல்டு நகரை நிறுவியவரின் பொன்மொழியில் இச்சொல் இடம்பெற்றது. அதை அங்கே புனைந்தவர் அத்தொடரின் எழுத்தாளர் டான் கிரேனி. 2007இல் இழைக் கோட்பாடு (string theory) பற்றிய இயற்பியல் ஆய்வுக் கட்டுரை ஒன்றில்கூட இது பயின்று வந்திருக்கிறது. கமலா என்ற பாத்திரமே அப்போது படைக்கப்படவில்லை!

இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1884இல் சி. ஏ. வார்டு என்பவர் ‘நோட்ஸ் அண்ட் குவெரீஸ்’ இதழில், ஒரு கிரேக்க வினைச்சொல்லுக்கு இணையாக, வேண்டுமென்றே அழகற்ற சொல்லாக இதை ஆக்கிக் காட்டியிருக்கிறார். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2018இல் இதைச் சேர்த்துக்கொண்டது. சொல்லைப் புதிய வாசகரிடையே பரப்பிய பெருமை கமலா கானுக்கு உண்டு. படைத்த பெருமையை அவளுக்குத் தருவது முன்னவர்களுக்கு இழைக்கும் அநீதி.