ஃபெட்டாவுக்கும் சிவப்பு ஒயினுக்கும் ஒத்துவராது

சீஸ் என்றால் சிவப்பு ஒயின் என்று யாரோ எப்போதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நம் ஆட்களும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சமீபத்தில் ஒரு விருந்துக்குப் போயிருந்தேன். பெரிய பலகை நிறைய ஃபெட்டா என்ற கிரேக்க வெள்ளைச் சீஸ், ஆலிவ், தக்காளி. பக்கத்தில் நல்ல காசு கொடுத்து வாங்கிய கபெர்னே சோவின்யோன், துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயின். எல்லோரும் "சூப்பர்" என்றார்கள், ஆனால் கிளாஸ்கள் பாதிக்குக் கீழே இறங்கவே இல்லை. இரண்டுமே நல்ல சரக்குதான். சேர்த்து வைத்ததுதான் தப்பு.

நான் சொல்வது இதுதான். ஃபெட்டா மாதிரி உப்பும் புளிப்புமான சீஸுக்கு, அதே அளவு புளிப்புள்ள வெள்ளை ஒயின் வேண்டும். கிடைக்காவிட்டால் பீர் குடியுங்கள். துவர்ப்பு மிகுந்த சிவப்பை அந்த மேசைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

முதலில், எதை ஃபெட்டா என்கிறோம் என்று பார்த்துவிடலாம். குறைந்தது 70 சதவீதம் செம்மறி ஆட்டுப்பால் இருக்க வேண்டும், மிச்சத்துக்கு வெள்ளாட்டுப்பால் சேர்க்கலாம். மாட்டுப்பால் கூடவே கூடாது. குறைந்தது இரண்டு மாதமாவது பதப்பட வேண்டும், அதுவும் பெரும்பகுதி உப்புநீருக்குள். 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பெயரைக் கிரீஸுக்கே எழுதிக்கொடுத்தது. டென்மார்க்கும் ஜெர்மனியும் வழக்குப் போட்டு 2005இல் தோற்றன. அதற்கப்புறமும் டென்மார்க் கம்பெனிகள் ஃபெட்டா என்ற பெயரிலேயே தங்கள் சீஸை ஒன்றியத்துக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. அதைத் தடுக்கவில்லை என்று 2022இல் டென்மார்க் அரசு மறுபடி நீதிமன்றத்தில் குட்டு வாங்கியது.

இதை வெறும் பெயர்ச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. செம்மறிப்பாலில் கொழுப்பு அதிகம், அதற்கென்று ஒரு வாசனையும் உண்டு. நல்ல ஃபெட்டாவை முள்கரண்டியால் அழுத்தினால் வழவழவென்று வெட்டுப்படாது. ஏடு ஏடாக உடையும், உள்ளே பொடிப்பொடியாக ஓட்டைகள் தெரியும். வாயில் போட்டால் முதலில் உப்பு, அப்புறம் தயிர்ப் புளிப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் மிளகு கடித்த மாதிரி ஒரு சுரீர். மரப்பீப்பாயில் ஊறியது என்றால் அந்தச் சுரீர் இன்னும் தூக்கலாக இருக்கும், தகர டின்னில் ஊறியது கொஞ்சம் சாது. மாட்டுப்பாலில் செய்த வெள்ளைச் சீஸில் உப்பைத் தவிர எதுவும் முன்னால் வராது. அதற்கு எதை ஊற்றிக் குடித்தாலும் ஒன்றுதான், இந்தப் பதிவே தேவையில்லை.

சரி, புளிப்புக்கு ஏன் புளிப்பு? எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு மோர் குடித்தால் மோரின் புளிப்பு தெரியாது இல்லையா, அதே கதைதான். ஃபெட்டாவின் புளிப்பு நாக்கில் உட்கார்ந்திருக்கும்போது ஒயினின் புளிப்பு ஒரு படி இறங்கித் தெரியும். ஏற்கெனவே புளிப்பு கம்மியான ஒயின் என்றால் சப்பென்று ஆகிவிடும். ஓக் பீப்பாயில் வைத்து வெண்ணெய் மணக்க மணக்கச் செய்த ஷார்டனே வெள்ளை ஒயின் இங்கே சொதப்புவது இதனால்தான். புளிப்பு தூக்கலான ஒயினோ பக்குவமாக இறங்கி வரும், அதிலுள்ள பழவாசனை மேலே வரும்.

இந்த வேலைக்கென்றே பிறந்தது அசிர்டிகோ. கிரீஸின் சாண்டோரினி எரிமலைத் தீவின் வெள்ளை ஒயின் திராட்சை. காற்று பிய்த்துக்கொண்டு போகும் ஊர் என்பதால் அங்கே கொடியைப் பந்தலில் ஏற்றுவதில்லை. தரையோடு தரையாகக் கூடை போலச் சுற்றி வளர்த்து, குலைகளை அந்தக் கூடைக்குள் காய்க்க விடுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்ஸெரா பூச்சி, களிமண் இல்லாத அந்தச் சாம்பல் மண்ணில் பிழைக்க முடியவில்லை. கொளுத்தும் வெயிலிலும் அசிர்டிகோ தன் புளிப்பை விடாது. எலுமிச்சைத் தோல், கூடவே கடல்காற்றுபோல ஒரு உப்புச் சாயல். ஒரு துண்டு ஃபெட்டா, மேலே ஆலிவ் எண்ணெயும் காய்ந்த ஆரிகனோவும், ஒரு வாய் அசிர்டிகோ. இதற்கு மேல் என்ன வேண்டும்? விலைதான் கடிக்கிறது. சாண்டோரினியில் விளைச்சல் குறைவு, கேட்கும் ஆட்களோ அதிகம். வடக்கு கிரீஸில், டிராமா பக்கத்தில் விளையும் அசிர்டிகோ விலை குறைவு. ஃபெட்டாவுக்கு அதுவே தாராளம். ஊரில் இருப்பவர்களுக்கு நாசிக் பக்கத்து சோவின்யோன் பிளாங்க் வெள்ளை ஒயின் போதும், நன்றாகக் குளிரவைத்துக் குடியுங்கள்.

அடுத்தது ரெட்சினா. இதைச் சொன்னாலே பலருக்கு முகம் சுளிக்கும். அலெப்போ பைன் மரத்துப் பிசினைப் போட்டு நொதிக்கவைக்கும் வெள்ளை ஒயின் இது. அந்தக் காலத்தில் மண்ஜாடிகளைப் பிசின் பூசி மூடியதில் ஆரம்பித்த பழக்கம். ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகாவில் சவாத்தியானோ திராட்சையில் செய்வார்கள். டர்பன்டைன் நாற்றம் என்று கிண்டல் செய்பவர்கள் அதைத் தனியாகக் குடித்திருப்பார்கள். அதைத் தனியாகக் குடிக்கவே கூடாது. ஃபெட்டாவின் உப்பும் கொழுப்பும் நாக்கில் படிந்திருக்கும்போது அந்தப் பிசின் வாசனை வாயைத் துடைத்துவிடுகிறது, அடுத்த துண்டுக்குக் கை தானாகப் போகிறது. அரை லிட்டர் பாட்டில், பீர் பாட்டில் மாதிரியே மூடி, விலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். தவர்னா எனப்படும் கிரேக்கச் சாப்பாட்டுக் கடைகளில் லூஸ் ஒயினைக் கிலோ கணக்கில்தான் கேட்பார்கள், "அரைக் கிலோ வெள்ளை" என்றால் ஒரு குவளை வரும். ஒயின் படிப்பு படித்தவர்கள் இதையெல்லாம் சீண்டுவதில்லை. நஷ்டம் அவர்களுக்குத்தான்.

தெற்கு கிரீஸின் பெலோப்பனீஸில் மாண்டினியா மேட்டுநிலத்தில் விளையும் மோஸ்கோஃபிலெரோ வெள்ளை ஒயினும் நல்ல ஜோடி, ரோஜா வாசனை தூக்கும். கோடையில் கிரேக்கர்கள் தர்பூசணியையும் ஃபெட்டாவையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். அதற்கு இதை விட்டால் ஆள் இல்லை.

இனி பீர். உப்பு கசப்பை அமுக்கும் என்று 1997இலேயே நேச்சர் இதழில் ஆய்வு வந்துவிட்டது. கிராமத்துத் திண்ணைப் பெருசுகளுக்கு அது எப்போதோ தெரியும், வெள்ளரிக்காயின் கசப்புக்கு உப்புத் தொட்டுத் தின்றவர்கள்தானே. அதனால் சாதாரண பில்ஸ்னர் பீர்கூட ஃபெட்டாவோடு எதிர்பார்ப்பதைவிட மென்மையாக இறங்கும். எனக்குப் பிடித்தது பவேரியாவின் கோதுமை பீர். கசப்பு கம்மி, நுரை அதிகம், லேசாக வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். ஆட்டுப்பாலின் கொழுப்பை அந்த நுரை அலசிவிடும். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தின் கோஸே இன்னும் ஒரு படி மேல். கொத்தமல்லி விதையும் உப்பும் போட்டு, லாக்டிக் அமிலத்தால் புளிக்கவைத்த பீர். ஃபெட்டாவின் புளிப்பும் அதே லாக்டிக் அமிலம்தான் என்பதால் இரண்டும் சட்டென்று ஒட்டிக்கொள்கின்றன. பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவைக் கொட்டிய இரட்டை ஐபிஏ பீர் மட்டும் வேண்டாம். கசப்பை உப்பு பார்த்துக்கொள்ளும், ஆனால் அந்த வாசனைக்கு முன்னால் ஆட்டுப்பால் வாசனை காணாமல் போய்விடும். ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

நம் நாக்குக்கு ஏற்ற பதார்த்தம் ஒன்றும் இருக்கிறது, வடக்கு கிரீஸின் தெசலோனிகி நகரத்தில் புயுர்தி என்பார்கள். மண்சட்டியில் ஃபெட்டா, தக்காளி, பச்சை மிளகாய், மிளகாய்த் தூள், எண்ணெய், அவ்வளவையும் அடுப்பில் வைத்துக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவருவார்கள். ரொட்டியைக் கிள்ளித் தொட்டுச் சாப்பிட வேண்டும். இதற்கு ஒயின் தேடாதீர்கள். காரத்தில் ஆல்கஹால் இன்னும் எரியும். ஜில்லென்று ஒரு லாகர் பீர், வேலை முடிந்தது.

சிவப்பு பிரியர்கள் கோபப்படுவார்கள், தெரியும். வடக்கு கிரீஸில் நாவுசாவின் க்ஸினோமாவ்ரோ என்ற சிவப்பு ஒயின் எனக்கும் உயிர். ஆனால் அதன் துவர்ப்பு ஃபெட்டாவின் புளிப்பில் பட்டதும் வாயில் இரும்புச் சுவைதான் மிஞ்சுகிறது. அதைக் கெட்டியான கெஃபலோட்டிரி சீஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு இல்லாமல் முடியாது என்றால் கிரீஸின் நெமேயாவில் செய்யும் இளம் அகியோர்கிட்டிகோ சிவப்பு ஒயினை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஊற்றுங்கள், பாதகமில்லை.

ஃபெட்டாவுக்கு நேர்மாறு செய்ய வேண்டும், அதை மட்டும் அரைமணி முன்பே வெளியே எடுத்துவைக்க வேண்டும். ஜில்லென்றிருந்தால் உப்பைத் தவிர எதுவும் தெரியாது. பாக்கெட்டில் இருக்கும் உப்புநீரைக் கொட்டிவிடாதீர்கள், மிச்சத் துண்டு அதிலேயே கிடக்கட்டும்.

கடைசியாக, ஃபெட்டாவைக் காகிதம்போல மெல்லிய ஃபிலோ மாவில் சுற்றிப் பொரித்து, தேனும் எள்ளும் தூவித் தருவது ஒன்று உண்டு. அதற்கு மேலே சொன்ன எதுவும் சரிப்படாது, தேனுக்கு முன்னால் எல்லாம் வெறும் புளிப்பாகிவிடும். கிரீஸின் சாமோஸ் தீவு இனிப்பு மஸ்கட் ஒயின்தான் சரி. சின்ன கிளாஸில், குளிரவைத்து. திறந்த பாட்டில் ஃபிரிட்ஜில் சில வாரம் தாங்கும், ஒரே நாளில் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.