கோப்பை கழுவினால் மாணவன் இல்லையா?

லண்டனுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளைப் பாராட்டிய வாசிகசாலைக் கூட்டத்தின் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பலர் அனுப்பிவிட்டார்கள். ஆகவே பேசியவர் யார், எந்த ஊர் வாசிகசாலை என்றெல்லாம் எழுதப்போவதில்லை. "இந்தப் பிள்ளைகள் படிக்கப் போகவில்லை, கோப்பை கழுவப் போகிறார்கள்" என்று அந்தப் பெரியவர் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சபை சிரித்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. லண்டன் விசா கிடைத்ததற்காகப் பொன்னாடை போர்த்தி முன் வரிசையில் இருத்தியிருந்த அந்தப் பெண்பிள்ளையும் வேறு வழியில்லாமல் சேர்ந்து சிரித்தது.

கோப்பை கழுவுகிற மாணவன் மாணவன்தான். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. ஆனால் இதோடு நிறுத்தப்போவதில்லை, ஏனென்றால் நானும் கழுவியவன்.

முதலில் காசுக் கணக்கு. இங்கிலாந்தில் பட்டப்படிப்புக்கு உள்நாட்டு மாணவரிடம் 2025-26 கல்வியாண்டில் 9,535 பவுணுக்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து போகிற நமக்கு அப்படி ஒரு வரம்பும் இல்லை. பல்கலைக்கழகம் கேட்டதுதான் விலை. அதற்கு மேல் விசாக் கட்டணம், ஆண்டுக்கு 776 பவுண் சுகாதார வரி. வாழ்க்கைச் செலவுக்கான பணம் வங்கியில் தொடர்ந்து 28 நாள் அசையாமல் கிடக்க வேண்டும். அதுவும் நம் பெயரிலோ அப்பா அம்மா பெயரிலோதான். மாமா கனடாவில் எவ்வளவு வைத்திருந்தாலும் அவருடைய கணக்கு செல்லாது. எங்கள் வீட்டில் அந்த 28 நாளும் அம்மா வங்கிப் புத்தகத்தை சாமி அறையில் வைத்திருந்தார். அதற்குள் தங்கச்சிக்குக் காய்ச்சல். மருந்துக்குப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கினோம், வங்கியில் இலட்சக்கணக்கில் பணம் கிடக்க! இருப்பு ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் போய்விடும். மேடையில் நின்றவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

நான் உண்மையில் 2022இலேயே போயிருக்க வேண்டியவன். அந்த மார்ச்சில் இலங்கை ரூபாவின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று மிதக்க விட்டார்கள். 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. சேர்த்த காசின் மதிப்பு பெட்டிக்குள் இருந்தபடியே ஏறக்குறையப் பாதியானது. பிறகு காணி உறுதியை ஈடு வைத்து 2023இல்தான் போனேன். இப்படிப் போகிற பிள்ளை அங்கே வேலை செய்யாமல் என்ன செய்யும்? தவம் இருக்குமா?

வேலையும் இஷ்டத்துக்குச் செய்ய முடியாது. தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான். தாண்டினால் விசா போகும். வகுப்புக்கு வராமலே இருக்கிறவனைப் பற்றிப் பல்கலைக்கழகம் உள்துறை அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். ஆகவே "படிக்கப் போகவில்லை" என்று சொல்பவர் அந்த வருகைப் பதிவை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசட்டும்.

கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் நம்மவர் ஒருவரின் உணவகத்தில் கழுவினேன். கொத்துரொட்டித் தட்டில் முட்டை காய்ந்து ஒட்டிவிட்டால் சுடுதண்ணீரில் ஊறவைக்காமல் போகாது. அது ஊறுகிற நேரத்தில் தட்டுகளுக்கு மேலே கைபேசியைச் சாய்த்து வைத்துப் புள்ளியியல் குறிப்பு வாசிப்பேன். ஈரக் கைக்குத் திரை நகராது. மூக்கு நுனியால் தள்ளியிருக்கிறேன். சிரிக்க விரும்புகிறவர்கள் இதற்குச் சிரிக்கலாம், உண்மையிலேயே பகிடிதான். ஆனால் அந்தப் பாடத்தில் நான் சித்தியடைந்தேன்.

இப்போது பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு. "எத்தனை பேர் படிப்பை விட்டுவிட்டு அசைலம் (அகதித் தஞ்சம்) அடிக்கிறார்கள் தெரியுமா?" தெரியும். இருக்கிறார்கள். அதற்காக முன் வரிசையில் இருந்த பிள்ளை என்ன செய்தது? "குடும்பத்தைக் கொண்டுபோகத்தானே இந்த விசா?" அந்தக் கதவை 2024 ஜனவரியிலேயே சாத்திவிட்டார்கள். ஆராய்ச்சிப் படிப்பு, அரசுப் புலமைப்பரிசில் போன்ற சில விலக்குகள் தவிர, கணவனையோ மனைவியையோ கூட்டிப்போக முடியாது. செய்தி வாசியுங்கள்.

"இங்கேயே கம்பஸில் படித்தால் என்ன?" இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. உயர்தரப் பரீட்சையில் தகுதி பெற்ற எல்லோருக்கும் அரச பல்கலைக்கழகத்தில் இடம் இருக்கிறதா? 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரித்துக் கொடுத்த பிறகு வெளியே நிற்கிறவன் எங்கே போவான்? எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடம் குறைந்தபோது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? லண்டனுக்குத்தான், மாணவர்களாகத்தான். இரவில் பெற்றோல் நிலையத்தில் நின்று பகலில் கணக்கியல் படித்தவர்கள் இன்று இங்கே வந்தால் மாலையோடு வரவேற்கிறோம். அவர்கள் நின்ற இரவுகள் தியாகமாம். எங்கள் இரவுகள் மட்டும் பகிடியாம்.

கேட்டால் "அந்தக் காலம் வேறு" என்பார்கள். வேறுதான். அந்தக் காலத்துக்காரர் சிலர் இந்தக் காலத்தில் முதலாளிகள். நான் வேலை செய்தபோது 23 வயதைத் தாண்டியவருக்குச் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் மணித்தியாலத்துக்கு 10.42 பவுண். எனக்குக் கிடைத்தது 6. முதலாளியிடம் கேட்டபோது, "தம்பி, ஊர்ப் பெடியன் என்று உதவிக்குத்தானே வைத்திருக்கிறேன்" என்றார். உதவியாம்! அந்த உதவியில் வாடகை கட்டிவிட்டு மிச்சத்தில் மாதம் முழுக்கப் பாணும் பருப்பும் சாப்பிட்டேன். மாணவனைக் கோப்பை கழுவுபவன் என்று மேடையில் சொல்வதும், மாணவன்தானே, யாரிடம் போய் முறையிடுவான் என்று சம்பளத்தில் வெட்டுவதும் ஒரே ஆட்கள்தான் என்றால் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அந்தக் காணொளியின் கீழே முதல் ஆளாக "அருமையான பேச்சு, உண்மையை உரக்கச் சொன்னீர்கள் ஐயா" என்று எழுதி இரண்டு கைகூப்பலும் போட்டிருப்பவர் என்னுடைய அந்த முதலாளிதான். அண்ணை, என்னுடைய கடைசி இரண்டு கிழமைச் சம்பளம் இன்னும் உங்களிடம் இருக்கிறது. அம்மாவின் வங்கிக் கணக்கு இலக்கம் மாறவில்லை. அதைப் போட்டுவிட்டு மற்றவர்களின் பிள்ளைகளைப் பற்றிக் கருத்து எழுதுங்கள்.