ஞானஸ்நானம் எடுத்தால்தான் அடைக்கலமா?

டர்பன் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "பாலியல் தொழிலை விட்டு வரும் பெண்களைச் சபைக்காரர்கள் தங்கள் அடைக்கல இல்லத்தில் பூட்டி வைத்து, ஞானஸ்நானம் எடுக்காவிட்டால் பிள்ளையைப் பறித்துக்கொள்வார்கள்." அப்படிச் செய்ய எந்தச் சபைக்கும் அதிகாரம் கிடையாது.

முதலில் பிள்ளை விஷயம். தாய்மாரை அதிகம் பயமுறுத்துவது இதுதான். தென்னாப்பிரிக்காவின் 2005 சிறுவர் சட்டப்படி, ஆபத்தில் இருக்கும் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துப் பராமரிப்பில் வைப்பதைச் சிறுவர் நீதிமன்றம்தான் முடிவு செய்யும். அவசரம் என்றால் நியமிக்கப்பட்ட சமூகப் பணியாளரோ போலீஸோ உடனே அழைத்துப் போகலாம். அதையும் நீதிமன்றம் பார்த்தாக வேண்டும். போதகருக்கோ இல்லத்தின் பொறுப்பாளருக்கோ அந்த உரிமை இல்லை.

சரி, மதம்? அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு மதச் சுதந்திரத்தைத் தருகிறது. அரசு உதவி பெறும் இடங்களில் ஜெபத்துக்கு வருவது அவரவர் விருப்பம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அரசுப் பணம் வாங்காத சில இல்லங்களில் வேத வகுப்பு அன்றாட ஒழுங்கில் இருக்கலாம். அதனால் சேரும் முன்பே வாய்விட்டுக் கேளுங்கள்: ஜெபம் கட்டாயமா? பிள்ளை கூடத் தங்கலாமா? போன் என்னிடமே இருக்குமா? நினைத்தபோது கிளம்பலாமா? நேராகப் பதில் சொல்லாத இடத்தை நான் நம்ப மாட்டேன்.

இரவில் தெருவோரம் சூப்பும் டீயும் கொடுத்து, ஒரு தொலைபேசி எண்ணையும் கையில் வைத்துவிட்டுப் போகிற சபைப் பெண்களை இந்தப் பொய் வில்லிகளாக்குகிறது. அடிபட்டு நிற்கும் ஒருத்தி அந்த எண்ணைக் கிழித்துப் போட்டால் யார் பொறுப்பு?

சபை வேண்டாம் என்பவர்கள் 0800 428 428க்கு அழைக்கலாம். வன்முறைக்கு ஆளானவர்களுக்கான அரசின் 24 மணி நேர உதவி எண் அது.