தடத்தை மறித்துவிட்டுப் பயிற்சி கொடுக்கிறோம்

"பருவநிலை மாற்றத்துக்கு ஏற்ப விவசாயிகளைப் பழக்க வேண்டும்" என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. மழை இந்த வருஷமாவது ஏமாற்றாமல் இருக்குமா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பவருக்கு யார் எதைப் பழக்குவது?

மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா பாசோ என்ற நாட்டில் யாகூபா சவடோகோ என்று ஒரு விவசாயி இருந்தார். 1980 வாக்கில், வறட்சியில் ஊர்கள் காலியாகிக்கொண்டிருந்த நேரம். அங்கே 'ஸாய்' என்று, குழி வெட்டி அதில் விதைக்கும் பழைய முறை ஒன்று உண்டு. அவர் அந்தக் குழியை இன்னும் அகலமாக, ஆழமாக, கோடையிலேயே வெட்டி எருவையும் போட்டு வைத்தார். எருவுக்குக் கறையான் வரும். வந்தது சும்மா இருக்காது, ஓடு மாதிரி இறுகிய மண்ணைத் துளைத்துக்கொண்டு போகும். முதல் மழைத் தண்ணீர் மேலோடு வழிந்து போகாமல் அந்தத் துளை வழியே இறங்கும். அந்த ஈரத்தில் சோளமும் கம்பும் பிடித்துக்கொள்ளும். கறையானையே சம்பளமில்லாத ஆளாக வைத்துக்கொண்ட மனிதர்! பைத்தியம் என்று ஊர் சிரித்தது. பிறகு அதே நிலத்தில் மரங்களும் எழும்பிக் காடானது. 2018-ல் அவருக்கு 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கொடுத்தார்கள். விருதுக்கு முன்பே நகர விரிவாக்கம் என்று அந்தக் காட்டுப் பக்கம் நிலத்தை அளந்து வீடுகள் கட்டத் தொடங்கியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அறிவு இல்லாததா பிரச்சினை? பக்கத்து நாடான நைஜரில் வயலில் தானாக முளைக்கும் மரமும் அரசுக்குச் சொந்தம் என்று ஒரு காலத்தில் சட்டம் இருந்தது. வெட்டினால் அபராதம். தளிரிலேயே பிடுங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று விவசாயி முடிவு செய்தார். 1980களில் அந்தக் கெடுபிடி தளர்ந்தபின், பழைய அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பதை விட்டுவைத்துக் கவாத்து செய்தே சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்களை மீட்டுவிட்டார்கள். நாற்றங்கால் கிடையாது, நடவு விழா கிடையாது.

மேய்ப்பவர்கள் கதை இன்னும் மோசம். அவர்களுக்குத் தெரிந்த பெரிய தற்காப்பே நடப்பதுதான். சாகேலில், அதாவது சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள வறண்ட பட்டையில், மழைக்காலத்தில் மந்தை வடக்கே போகும், அறுப்பு முடிந்ததும் தெற்கே இறங்கும். அறுத்த கொல்லையில் கிடை போட்டால் மாட்டுக்குத் தட்டை, நிலத்துக்கு எரு. 1998-ல் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் கூடி, சான்றிதழ் இருந்தால் மந்தை எல்லை தாண்டலாம் என்றுகூட ஒப்புக்கொண்டன. அது தாளில். நேரில் பார்த்தால், மந்தை போன தடத்தை உழுதுவிட்டார்கள், தண்ணீர்க் கரையில் வேலி, எல்லையில் காவல். போக வழியில்லாமல் ஒரே இடத்தில் மேய்த்தால், "நிலத்தைக் கெடுத்ததே இவர்கள்தான்" என்ற பேச்சு வேறு.

வட கென்யாவில் பலர் மாட்டை விட்டு ஒட்டகத்துக்கு மாறுகிறார்கள். மாட்டுக்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறையாவது தண்ணீர் காட்டியாக வேண்டும். ஒட்டகம் ஒரு வாரத்துக்கு மேலும் தாங்கும், மாட்டு மடி வற்றிய பின்னும் கறக்கும். நல்ல யோசனைதான். ஆனால் ஓர் ஒட்டகம் வாங்கச் சில மாடுகளையாவது விற்க வேண்டும், வறட்சியில் எலும்பும் தோலுமாக நிற்கும் மாட்டுக்கு யார் விலை கொடுப்பார்? ஐம்பது மாடு வைத்திருப்பவர் மாறிக்கொள்வார். மூன்று வைத்திருப்பவர் அந்த மூன்றும் விழுவதைப் பார்த்துவிட்டு, அடுத்தவர் ஒட்டகத்தை மேய்க்கக் கூலிக்குப் போவார்.