கறந்த சூட்டிலேயே பாலில் மீற்றரை இறக்கிவிட்டு "தண்ணி" என்கிறார்கள்

சாணி அள்ளுவதைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லவில்லை. விவசாயம் படிக்கிற பிள்ளை மாட்டுப்பட்டிக்குப் பயிற்சிக்குப் போனால் சாணி அள்ளத்தான் வேண்டும். விடிய முன் எழும்புவது, நுளம்புக்கடி, மாட்டிடம் மிதி வாங்குவது எல்லாம் சரி. எனக்குப் பத்திக்கொண்டு வருவது, காலையில் பால் எடுக்கிற இடத்தில் கேட்கிற அந்த ஒரு சொல்லுக்குத்தான்: "தண்ணி."

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நான் நிற்கிற பட்டியில் பெரும்பாலும் நாட்டுமாடு, கொஞ்சம் கலப்பு. காலையில் ஒரு நேரக் கறவைதான். ஒரு மாடு ஒன்றரை, இரண்டு லீற்றர் தந்தால் பட்டிக்கார மாமாவுக்கு அது நல்ல நாள். கறந்து வடித்து, கானை மோட்டார் சைக்கிளில் கட்டி றோட்டுக்குக் கொண்டுபோகும்போது பாலில் இன்னும் மடிச்சூடு இருக்கும், மேலே நுரை நிற்கும். பால் சேகரிக்க வருகிற தம்பி அதை அப்படியே குவளையில் ஊற்றி, பாலின் அடர்த்தியைப் பார்க்கிற மிதவைக் கருவியான லக்டோமீற்றரை இறக்குகிறார். 26 காட்டுகிறது. "என்ன அண்ணன், தண்ணி கூடிப் போச்சு போல?" என்று ஒரு சிரிப்பு. சுற்றி நிற்கிற மற்றப் பட்டிக்காரர்கள் முன்னால்! அப்புறம் விலையில் வெட்டு.

அந்த மீற்றரிலேயே 60 பாகை பரனைற் என்று எழுதியிருக்கிறது. அதாவது ஏறக்குறைய 15.6 பாகை செல்சியஸ். மட்டக்களப்பு வெயிலில், மடியிலிருந்து வந்த பாலில், எங்கே இருக்கிறது 15 பாகை? சூடான பாலுக்கு அடர்த்தி குறைவு; மீற்றர் கூடுதலாகத் தாழும், எண் குறைத்துக் காட்டும். 60க்கு மேலே ஒவ்வொரு பாகை பரனைற்றுக்கும் 0.1 கூட்ட வேண்டும். பால் 95 பாகையில் இருந்தால் 3.5 கூட்டிப் பாருங்கள், 26 என்பது 29.5 ஆகிவிடும். பசுப்பாலுக்கு வழக்கமான அளவு 28 முதல் 32 வரை. சரியாகப் பார்த்தால் இவ்வளவு சூட்டில் இந்தக் கூட்டலையும் முழுதாக நம்ப முடியாது. பாலை ஆறவிட்டு, நுரையும் காற்றும் அடங்கிய பிறகுதான் அளக்க வேண்டும். இது பெரிய ஆராய்ச்சி ஒன்றுமில்லை, செய்முறை வகுப்பில் முதலில் சொல்லித்தருகிற விசயம்.

இதைத் தம்பியிடம் சொன்னேன். "தங்கச்சி, நீங்க படிக்க வந்தீங்களா, படிப்பிக்க வந்தீங்களா?" என்று கேட்டார். அவர் மேல் எனக்குப் பெரிய கோபமில்லை. கையில் ஒரு வெப்பமானிகூடக் கொடுக்காமல் அவரை அனுப்பி வைக்கிறார்களே, அவர்கள் மேல்தான்.

இந்தச் சோதனையில் உண்மையான கள்ளன் பிடிபடுவானா? அதுவும் இல்லை. ஆடையை எடுத்தால் எண் ஏறும், தண்ணீர் விட்டால் இறங்கும். இரண்டையும் அளவாகச் செய்தவனுடைய பால் அழகாக 30 காட்டும். அவனுக்கு முழுக்காசு, மாமாவுக்குக் கள்ளன் பட்டம்.

கொழுப்புக் கணக்கு இன்னொரு கொடுமை. நாட்டுமாடு கன்றைக் கண்டால்தான் சுரக்கும். கறந்து முடிகிற நேரம் கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிடுவார் மாமா. கறவையில் கொழுப்பு மிகக் கூடியது அந்தக் கடைசிப் பால்தான். அதனால் கானில் கொழுப்பு குறைகிறது, அதற்கும் ஒரு வெட்டு. கன்றைப் பட்டினி போடுகிறவனுக்குக் கூடின விலை. என்ன கணக்கு இது?

மாடு தின்னாவிட்டாலும் கொழுப்பற்ற திண்மம், அதாவது பாலில் தண்ணீரும் கொழுப்பும் போக மிஞ்சுவது, குறையும்; மடிவீக்கம் வந்தாலும் குறையும். வறண்ட கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் புல் எங்கே? பெரும்போகத்தில் வயல் பக்கம் மாடு போக முடியாது, மேய்ச்சல் தரைக்குத்தான் சாய்க்க வேண்டும். அந்த மேய்ச்சல் தரையாவது மிஞ்சியதா? மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளை அத்துமீறிப் பிடிக்கிறார்கள் என்று 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் குந்திப் போராடத் தொடங்கினார்கள். இங்கே அறுவடை முடிந்த வயலில் வைக்கோலை நெருப்பு வைத்து எரிக்கிற கூட்டமும் இருக்கிறது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி வைத்தால் மாட்டுக்கு நல்ல தீன். அதைச் செய்ய ஆளில்லை, எரிக்க மட்டும் ஆளிருக்கிறது. மறுகா, வயிறு ஒட்டின மாட்டின் பாலில் திண்மம் இல்லையாம், தண்ணியாம்!

மாமா ஒன்றும் பேசமாட்டார். நான் கொதித்தால், "விடு மகள், நாளைக்கும் அவனுக்குத்தானே குடுக்க வேணும்" என்பார். அதுவும் உண்மைதான். பட்டியில் குளிரூட்டி இல்லை, வைத்திருந்தால் மத்தியானத்துக்குள் திரைந்துவிடும். மட்டக்களப்புத் தயிர் என்று ஊர் ஊராகப் பெருமை பேசுகிறோமே, அந்தத் தயிருக்குப் பால் தருகிறவருக்கு விலை பேசக்கூட வழியில்லை.

என் பயிற்சிப் பதிவேட்டில் "பால் தரப் பரிசோதனை அவதானிக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதினால் போதுமாம். நான் பாலின் வெப்பநிலை, மீற்றர் காட்டியது, திருத்தினால் வருவது என்று மூன்றையும் எழுதிக்கொண்டு போனேன். "இதெல்லாம் தேவையா?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். தேவைதான். இன்றைக்கும் மாமாவுக்கு 26க்குரிய காசுதான் எழுதினார்கள்.