நீண்ட பேருந்து எந்தச் சாலைக்கு?

பெங்களூரு நெரிசலைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், நடுவில் மடிப்பு வைத்த 18 மீட்டர் பேருந்துகளை இறக்கிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அல்சூரிலிருந்து தினமும் பேருந்தில் வேலைக்குப் போகிறவன் என்ற முறையில், அந்த வண்டி வெளிவட்டச் சாலைக்கு வேண்டும், சிவாஜிநகருக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

சென்னையில் வெஸ்டிபியூல் என்று சொல்லப்படும் இந்த வகைப் பேருந்தின் இணைப்பில் நின்று பலமுறை பயணம் செய்திருக்கிறேன். வண்டி வளையும்போது காலடியில் வட்டத் தகடு மெல்லத் திரும்பும். ஒரு பக்கத்து மடிப்புகள் ஒன்றோடொன்று நெருங்க, எதிர்ப்பக்கத்து மடிப்புகள் விரியும். இந்த இணைப்பு இருப்பதால்தான், 12 மீட்டர் வண்டி திரும்பும் இடத்திலேயே ஏறக்குறைய 18 மீட்டர் வண்டியும் திரும்பிவிடுகிறது. ஆகவே வளைவில் மாட்டிக்கொள்ளும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. அது நிற்கும்போதுதான் தொல்லை. சிக்னலைத் தாண்டியதும் முன்னால் இடமில்லையென்றால், அதன் பின்பாதி நாற்சந்தியை அடைத்துக்கொண்டு நின்றுவிடும். சிவாஜிநகர் பேருந்து நிலையத்தை ஒட்டிய நெரிசலான தெருக்களைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அதைவிட முக்கியமானது காத்திருப்பு. மூன்று சாதாரண வண்டிகளின் கூட்டத்தை இரண்டு நீண்ட வண்டிகள் ஏற்றிக்கொள்ளும். ஓர் ஓட்டுநரின் சம்பளமும் மிச்சமாகும். ஆனால் 10 நிமிடத்துக்கு ஒன்றாக வந்த வண்டி அதன்பின் 15 நிமிடத்துக்கு ஒன்றாகத்தான் வரும். 2023 ஜூனில், பெண்களுக்கு இலவசப் பேருந்துப் பயணம் தரும் சக்தி திட்டம் தொடங்கியபின் பேருந்தையே நம்பி வேலைக்குக் கிளம்பும் பெண்கள் பெருகியிருக்கிறார்கள். கைக்குழந்தையோடு நிறுத்தத்தில் கால்கடுக்க நிற்கும் ஒரு பெண்ணுக்கு அந்த ஐந்து நிமிடம் சின்ன விஷயமல்ல.

வெளிவட்டச் சாலை வழியாக ஹெப்பாளுக்கும் சில்க் போர்டுக்கும் இடையே ஓடும் 500டி தடத்தில் நிலைமை வேறு. அங்கே மூன்று வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். முதல் வண்டியில் படிவரை கூட்டம். பின்னால் வந்தது நிறுத்தத்தில் இடமில்லாமல் தள்ளி நிற்க, ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு அதை நோக்கி ஓடுவார்கள். வண்டிகள் இவ்வளவு நெருக்கமாக வரும் சாலையில், கூடுதல் கதவுகளுள்ள நீண்ட பேருந்து ஏற்றி இறக்கும் நேரத்தை நிச்சயம் குறைக்கும்.

அதற்கும் சாலையில் பேருந்துக்கென்றே ஒதுக்கிய தனித்தடம் வேண்டும். பிரேசிலின் குரிட்டிபாவில் பேருந்துத் தடம் வந்தது 1974இல்; இரண்டு மடிப்புள்ள பெரிய வண்டிகள் வந்ததோ 1990களில்தான். நம் வெளிவட்டச் சாலையிலும் 2019இல் தடம் ஒதுக்கினார்கள். பிறகு மெட்ரோ வேலை அதை விழுங்கிவிட்டது. அந்தத் தடத்தை முதலில் மீட்டுக் கொடுங்கள். அதுவரை கையிலிருக்கும் பணத்துக்கு 12 மீட்டர் வண்டிகளையே கூடுதலாக வாங்குங்கள். அல்சூர் ஏரிக்கரைக்கு 9 மீட்டர் வண்டிகூடப் போதும், அடிக்கடி வருமானால்.