மெரினா மணலில் கால் வைக்க முடியலையே!

நேத்தும் பாட்டில் சில்லுதான். ரப்பர் பந்தைத் துரத்திக்கிட்டு ஓடின அண்ணன் பையனுக்குக் குதிகால்ல குத்தி, மணலெல்லாம் ரத்தம். எனக்கு வயிறு எரியுது.

1884-ல் அப்போ மெட்ராஸ் கவர்னரா இருந்த கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு மெரினான்னு பேர் வெச்ச கடற்கரை இது. கொஞ்ச தூரம் நடந்தா சேப்பாக்கம். 1952-ல் வினூ மன்கட் ஒரே இன்னிங்ஸ்ல 8 விக்கெட் சாய்ச்சு, இந்தியா முதல் டெஸ்ட் ஜெயிச்ச மைதானம்! 1986-ல் ஆஸ்திரேலியாவோட டெஸ்ட் டை ஆனதும் அங்கதான். அந்தப் பெருமையை மட்டும் வாய் கிழியப் பேசுறோம். மேட்ச் முடிஞ்சதும் மணல்ல உட்கார்ந்து குடிச்சுட்டு பாட்டிலைப் புதைச்சுட்டுப் போறாங்களே, யார் வீட்டுப் பிள்ளை மிதிக்கணும்னு? சுண்டல் பொட்டலம், கடிச்சுப் போட்ட சோளக் கருது, பிளாஸ்டிக் கப்... குப்பைத்தொட்டி வரைக்கும் நடக்கக் கால் வலிக்குதா? வெறுங்காலோட ஓடுறதுக்கு எங்க பசங்க இனி எங்கே போவாங்க?